படியற்ற வண்டியின் வரலாறு

1999ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜப்பான் நாட்டு நிஸ்ஸான் நிறுவனம், செட்ரிக், குளோரியா என்னும் இரட்டைக் கார்களுக்குப் புதியதோர் உறுப்பைப் பொருத்தி விற்பனைக்கு விட்டது. பெயரால் இரண்டாயினும் இவை உடலால் ஏறத்தாழ ஒன்றே. செட்ரிக் என்ற பெயர் 1960 முதல் அந்நாட்டில் கௌரவத்தின் அடையாளமாக இருந்து வந்தது. கம்பெனித் தலைவர்களும் உயர் அதிகாரிகளும் பின்னிருக்கையில் அமர்ந்து பத்திரிகை படித்தபடி செல்லும் வண்டி அது. புதிய வண்டியின் உயர்ந்த வகையில் 3 லிட்டர் கொள்ளளவும், 6 சிலிண்டர்களும், டர்போ சாதனமும் கொண்ட எஞ்சின் இருந்தது. அதன் ஆற்றல் 280 குதிரைச் சக்தி. ஜப்பானியக் கார் நிறுவனங்கள் அக்காலத்தில் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டிருந்த உச்ச வரம்பே அதுதான். இத்தனை வலிமையையும் வாங்கி, வேண்டிய வேகத்திற்கு மாற்றிப் பின்சக்கரங்களுக்குக் கொடுத்தவை பல்சக்கரங்கள் அல்ல. எண்ணெயில் நனைந்த, பற்களே இல்லாத, வழவழப்பான எஃகு வட்டுகள்.

இதில் என்ன வியப்பு என்று நேயர்கள் கேட்கலாம். வியப்பு இருக்கிறது. படியில்லாமல் வேகம் மாற்றும் இம்முறை அதுவரை சிறு கார்களுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் உரியதென்று ஒதுக்கப்பட்டிருந்தது. வண்டி ஓட்டத் தயங்குவோருக்கான எளிய ஏற்பாடு என்ற ஏளனமும் அதற்கு இருந்தது. அதை எடுத்து ஒரு நிறுவனம் தன் பெருமைக்குரிய வண்டியில் வைத்தது. அது அந்த இடத்தை அடைந்த விதத்தையும், அடைந்த பிறகு அதற்கு நேர்ந்ததையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கியர் என்பது எதற்காக என்று பார்ப்போம். வண்டி இழுக்கும் காளை நின்ற நிலையிலிருந்தே தன் முழு வலிமையையும் காட்டவல்லது. சேற்றில் புதைந்த சக்கரத்தைக் கிளப்பும்போதுதான் அதன் கழுத்து நரம்புகள் புடைக்கின்றன. பெட்ரோல் எஞ்சின் அவ்வாறன்று. நின்ற நிலையில் அதற்கு வலிமையே இல்லை. மெதுவாகச் சுழலும்போது சிறிதளவும், நிமிடத்திற்குச் சில ஆயிரம் சுற்றுகள் சுழலும்போது மிகுதியாகவும் வலிமை தருகிறது. வண்டியின் தேவையோ நேர்மாறானது: புறப்படும்போது பெரும் இழுவை வேண்டும், ஓட்டம் பிடித்தபின் அவ்வளவு வேண்டுவதில்லை. இந்தப் பொருத்தமின்மையைச் சரிசெய்ய, எஞ்சினுக்கும் சக்கரத்திற்கும் இடையே பெரிதும் சிறிதுமான பல்சக்கரங்களை வைத்து, வேகத்திற்கேற்ப ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றச் செய்தனர். இதுவே கியர். இது மாடிப்படியைப் போன்றது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே கால் வைக்க இடமில்லை. எஞ்சின் தனக்கு உகந்த வேகத்தில் ஒரு கணம் சுழல்கிறது, அதைக் கடக்கிறது, படி மாறியதும் மீண்டும் கீழே விழுகிறது. படிக்கட்டிற்குப் பதிலாக ஒரு சரிவுப் பாதை இருந்தால் எஞ்சின் ஒரே சீரான வேகத்தில் சுழல, வண்டி மட்டும் மெல்ல மெல்ல விரைவு கொள்ளும். கணக்குப்படி பார்த்தால் இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை.

இச்சாதனத்தைத் தமிழில் எப்படி அழைப்பது என்பது என் போன்ற மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு சிறு தலைவலி. ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தொடர்ந்து மாறத்தக்க விசை கடத்தி என்று ஒரு முழ நீளம் வருகிறது. கலைச்சொல் அகராதியில் அது நன்றாக இருக்கும், வாயில் நுழையாது. மக்களோ கியர் இல்லாத வண்டி என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டார்கள். அது பிழையான பெயர் என்பதும் உண்மை. முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் இடையே எண்ணிலடங்காத படிகள் இதில் இருக்கின்றன. எண்ண முடியாததால் இல்லை என்கிறோம்.

எண்ணம் பழையது. அமெரிக்காவில் மில்ட்டன் ரீவ்ஸ் என்பவர் 1879இல் மர அறுவை ஆலைக்கென்று விரும்பியபடி வேகம் மாற்றும் வார் அமைப்பொன்றைச் செய்தார். 1896இல் அதையே தாம் கட்டிய மோட்டார் வண்டியிலும் வைத்துப் பார்த்தார். அதன் உட்கருத்து எளிதானது. கப்பியை நடுவில் பிளந்து, உட்பக்கம் சரிவான இரண்டு கூம்புத் தட்டுகளாகச் செய்ய வேண்டும். தட்டுகளை நெருக்கினால் இடையே ஓடும் வார் பிதுங்கி விளிம்பை நோக்கி ஏறும். விலக்கினால் அச்சை நோக்கி இறங்கும். இத்தகைய கப்பிகள் இரண்டை வைத்து, ஒன்றை நெருக்கும்போது மற்றொன்றை விலக்கினால் படியில்லாத வேகமாற்றம் கிடைத்துவிடுகிறது. சிக்கல் கருத்தில் இல்லை, வாரில் இருந்தது. பல்லும் பல்லும் கோத்துக்கொண்டால் நழுவ வழியில்லை. வார் வெறும் உராய்வை நம்பியே வேலை செய்கிறது. வலிமை மிகுந்தால் அது நழுவும், சூடேறும், அறும்.

இதைக் காருக்கு உகந்ததாக்கி, தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்து காட்டியவர் ஹாலந்து நாட்டு ஹூப் வான் டோர்னே. கருமானின் மகன். 1900ஆம் ஆண்டின் முதல் நாளில், லிம்பர்க் மாகாணத்தில், வேடிக்கையாக, அமெரிக்கா என்ற பெயருடைய ஒரு சிற்றூரில் பிறந்தார். 1928இல் ஐண்ட்ஹோவன் நகரில் தம் சகோதரருடன் சேர்ந்து ஒரு பட்டறை தொடங்கினார். இணைப்பு வண்டிகள் செய்து, பின்னர் 1949 முதல் லாரிகள் செய்து, டாஃப் என்ற பெயரை ஊன்றினார். 1958 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அவருடைய முதல் கார் வெளிப்பட்டது. டாஃப் 600 என்பது அதன் பெயர். 590 கன சென்டிமீட்டர் அளவுள்ள இரட்டைச் சிலிண்டர் எஞ்சின். 22 குதிரைச் சக்தி. பின்னே இரண்டு ரப்பர் வார்கள், ஒவ்வொரு பின்சக்கரத்திற்கும் ஒன்றாக. வேகம் கூடக்கூடத் தாமே விலகும் எடைக் குண்டுகளும், எஞ்சினின் உறிஞ்சு விசையும் சேர்ந்து கப்பிகளைத் தக்கபடி நெருக்கின. ஓட்டுநர் செய்ய வேண்டியது ஒரு சிறு நெம்புகோலை முன்னே அல்லது பின்னே தள்ளுவது மட்டுமே. பின்னோக்கிச் செல்வதற்கென்று தனி வேக வரம்பு இல்லாமையால் அந்தக் கார் முன்னோக்கி எவ்வளவு விரைவாக ஓடுமோ அவ்வளவு விரைவாகப் பின்னோக்கியும் ஓடியது. டச்சுக்காரர்கள் பிற்காலத்தில் இதை வைத்துப் பின்னோட்டப் பந்தயங்களே நடத்தினர்.

வண்டி விற்றது, ஆனால் மதிப்புப் பெறவில்லை. முதியவர்களின் கார், பெண்களின் கார் என்ற கேலி அதைத் தொடர்ந்தது. பொறியியல் வரலாற்றில் இத்தகைய கேலிகள் பல நல்ல பொருள்களைத் தாமதப்படுத்தியிருக்கின்றன என்பது என் அபிப்பிராயம். கேலியைத் துடைக்க டாஃப் நிறுவனம் பந்தயங்களை நாடியது. 1968இல் லண்டனிலிருந்து சிட்னிக்கு நடந்த நெடும் பந்தயத்தில் டாஃப் 55 கார்கள் கலந்துகொண்டன. காபூலைக் கடந்து தில்லி வந்து, தில்லியிலிருந்து பம்பாய் சென்று, அங்கே கப்பலேறி ஆஸ்திரேலியாவை அடைய வேண்டிய பாதை அது. புறப்பட்ட 98 வண்டிகளில் 56 மட்டுமே பந்தயத்தை முடித்தன. அவற்றுள் ரப்பர் வாரில் ஓடிய டாஃப் ஒன்று முதல் இருபது இடங்களுக்குள் வந்தது. தில்லியிலோ பம்பாயிலோ அன்று சாலையோரம் நின்று அந்த அணிவகுப்பைக் கண்ட மூத்த நேயர்கள் எவரேனும் இருக்கலாம்.

நம் நாட்டிற்கு இச்சாதனம் காரில் வரவில்லை, ஸ்கூட்டரில் வந்தது. அதுவரை ஸ்கூட்டர் ஓட்டுவது என்றால் இடக்கையில் கிளட்சை அழுத்தி, அதே கைப்பிடியைத் திருகிப் படி மாற்றுவதாகும். 1980களின் நடுவில் இந்தூருக்கு அருகிலுள்ள பீதம்பூரில் உற்பத்தியான கைனடிக் ஹோண்டா அந்த வழக்கத்தை முறித்தது. 2001இல் ஹோண்டா ஆக்டிவா வந்தபின் புணேயிலும் மும்பையிலும் அகமதாபாத்திலும் வங்கிக்கும் பள்ளிக்கும் தாமே வண்டியோட்டிச் செல்லும் பெண்களின் தொகை எவ்வளவு பெருகிற்று என்பதை அவ்வூர்களில் வாழும் நம்மவர்கள் நன்கறிவார்கள். அந்த வண்டியின் இடப்பக்க மூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பது வான் டோர்னேயின் டாஃபில் இருந்த அதே வகை: இரண்டு கூம்புக் கப்பிகள், நடுவே ஒரு ரப்பர் வார், கப்பியை நெருக்கச் சில உருளைக் குண்டுகள்.

ஆனால் ரப்பருக்கு ஓர் எல்லை உண்டு. அதை அறிந்த வான் டோர்னே 1972இல் இதற்கென்றே தனி நிறுவனம் தொடங்கி, எஃகினால் வார் செய்ய முற்பட்டார். அந்த எஃகு வார் இத்துறையின் மிக நுட்பமான படைப்பு. மெல்லிய எஃகுத் தகடுகள் சில நூறு, நெருக்கமாக வரிசைப்பட்டு, பட்டையான எஃகு வளையங்களில் கோக்கப்பட்டிருக்கும். இது இழுத்து வேலை செய்வதன்று. தள்ளி வேலை செய்வது. கயிற்றைத் தள்ள முடியுமா என்றால் முடியாது. நாணயங்களை வரிசையாக அடுக்கி, வளையாதபடி ஒரு பட்டையால் கட்டி, ஒரு முனையில் தள்ளினால் மறுமுனை நகரும் அல்லவா? அதுவே தத்துவம். 1979இல் வான் டோர்னே மறைந்தார். எஃகு வார் பொருத்திய சுபாரு ஜஸ்ட்டி விற்பனைக்கு வந்தது 1987இல். அதை அடுத்து ஃபோர்டு ஃபியெஸ்டாவும் ஃபியட் ஊனோவும் வந்தன. எல்லாம் சிறு கார்கள். விதைத்தவர் விளைச்சலைப் பார்க்கவில்லை.

பெரிய வலிமையை இது தாங்குமா என்பதற்கு ஒரு பதில் 1993இல் கிடைத்தது. பார்முலா ஒன் பந்தயத்தில் முன்னணியில் நின்ற வில்லியம்ஸ் குழு இச்சாதனம் பூட்டிய பந்தயக் காரைச் சோதித்தது. ஓட்டியவர் டேவிட் கூல்ட்ஹார்ட். 1994ஆம் ஆண்டின் விதிகள் பந்தயக் காரில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் நிலையான படிகள் இருந்தே தீர வேண்டும் என்று வகுத்துவிட்டன. சோதனை அத்துடன் நின்றது.

டர்போவுக்கும் இதற்கும் உள்ள உறவை இங்கே சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி 1905இல் காப்புரிமை பெற்ற எண்ணம் டர்போ. எஞ்சினிலிருந்து வீணே வெளியேறும் புகை ஒரு சிறு காற்றாடியைச் சுழற்றுகிறது. அக்காற்றாடி வெளிக் காற்றை அழுத்தி மீண்டும் எஞ்சினுக்குள் செலுத்துகிறது. காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாக எரியும், வலிமை கூடும். ஜப்பானில் இதனைக் காரில் முதன்முதல் வைத்து விற்றதும் இதே செட்ரிக், குளோரியா கார்களே, ஆண்டு 1979. டர்போவின் குறை யாதெனில் எஞ்சின் வேகம் தாழ்ந்தால் காற்றாடியும் சோர்ந்துவிடும், மீண்டும் விழிக்கச் சிறிது நேரம் பிடிக்கும். படி மாறும்போதெல்லாம் எஞ்சின் வேகம் விழுகிறது. படியற்ற சாதனமோ எஞ்சினை ஒரே வேகத்தில் நிறுத்தி வைக்கவல்லது. காற்றாடி சோர்வதற்கு இடமே இல்லை. ஆகவே இவ்விரண்டும் ஒன்றையொன்று தேடி அலைந்த இணை எனலாம். தடை ஒன்றே: டர்போ எஞ்சினின் முறுக்கு விசையைத் தாங்கும் வார் அன்று இல்லை. செட்ரிக் எஞ்சினின் முறுக்கு விசை 390 நியூட்டன் மீட்டரை ஒட்டியது.

நிஸ்ஸான் வாரையே விட்டுவிட்டது. எக்ஸ்ட்ராய்டு என்று அது பெயரிட்ட சாதனத்தில், கிண்ணம்போல் குழிந்த இரண்டு எஃகு வட்டுகள் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. ஒன்றை எஞ்சின் சுழற்றுகிறது. மற்றொன்று சக்கரங்களுக்குச் செல்கிறது. நடுவே உருளைகள் இரண்டையும் தொட்டுக்கொண்டு உருள்கின்றன. உருளை சாய்ந்து, ஒரு வட்டின் மையத்தருகிலும் மற்றதன் விளிம்பருகிலும் தொட்டால் வேகம் மாறும். மறுபக்கம் சாய்ந்தால் மறுவிதமாக மாறும். இதன் மூல எண்ணம் 1877இல் சார்லஸ் ஹன்ட் என்ற அமெரிக்கர் பெற்ற காப்புரிமையிலேயே உண்டு. 1930களில் இங்கிலாந்தின் ஆஸ்டின் நிறுவனம் இவ்வகையொன்றைச் சில கார்களில் வைத்துப் பார்த்துக் கைவிட்டது. வழவழப்பான எஃகின்மேல் எஃகு நழுவாமல் உருள வேண்டும். நேரடியாக உரசினால் தேய்ந்து பாழாகும். இந்த முரணைத் தீர்த்தது ஓர் எண்ணெய். உருளையும் வட்டும் பல டன் விசையோடு நெருக்கப்படும் அந்தப் புள்ளியில், அந்த எண்ணெயின் மெல்லிய படலம் ஒரு கணம் கண்ணாடிபோல் இறுகித் திடப்பொருளாகிறது, விசையைக் கடத்துகிறது, புள்ளியைக் கடந்ததும் மறுபடியும் நீர்மையாகிறது. எண்ணெயை இடெமிட்சு நிறுவனமும், வட்டுகளுக்கும் உருளைகளுக்கும் உரிய எஃகு நுட்பத்தைத் தாங்கு உருளைகள் செய்யும் என்.எஸ்.கே. நிறுவனமும், முழுக் கட்டமைப்பை ஜாட்கோ நிறுவனமும் அளித்தன. இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பு அதன் பின்னே இருந்தது.

இவ்வளவும் சரியாகவே வேலை செய்தது. பின்னிருக்கையில் அமர்ந்தவருக்குக் குலுக்கல் என்பதே தெரியாது. ஆனால் எக்ஸ்ட்ராய்டு பொருத்தப்பட்டது உரிமையாளர் தாமே ஓட்டி மகிழ்வதற்கான வகையில். அங்கேதான் இடர் பிறந்தது. ஓட்டுபவரின் காது தலைமுறை தலைமுறையாக ஒரு பாட்டிற்குப் பழகியிருந்தது: எஞ்சின் ஒலி ஏறும், படி மாறும், விழும், மீண்டும் ஏறும். ஒலி ஏறுவதையே வேகம் கூடுவதாக மனம் கொள்கிறது. படியற்ற வண்டியில் ஒலி ஒரே சுருதியில் நிற்க, வேகமானி முள் மட்டும் ஏறுகிறது. பழகாதவருக்குக் கிளட்ச் தேய்ந்து நழுவுகிறதோ என்ற ஐயம் எழும். இதை அறிந்தே நிஸ்ஸான் செட்ரிக்கில் 6 போலிப் படிகளை வைத்தது. அதாவது, நெம்புகோலை அசைத்தால் உருளைகள் 6 குறித்த சாய்வுகளில் மட்டும் நின்று கியர்போல் நடிக்கும். 2002இல் இச்சாதனத்தை ஸ்கைலைன் காரிலும் பொருத்தினர். அதற்கு இட்ட பெயர் ஸ்கைலைன் 350ஜிடி-8. அந்த 8 என்பது போலிப் படிகளின் எண்ணிக்கை. படியை ஒழிக்க இருபது ஆண்டு பாடுபட்டுச் செய்த யந்திரத்திற்கு, அதில் இல்லாத படிகளின் எண்ணிக்கையே பெயராயிற்று. இந்த வரலாற்றில் இதைவிடத் துயரமான நகைச்சுவையை நான் காணவில்லை.

சாதனம் விலை மிகுந்தது, கனமானது. விற்பனை சிறிதளவே. 2004 அக்டோபரில் இந்தச் செட்ரிக், குளோரியா கார்களுக்கு மாற்றாக நிஸ்ஸான் ஃபூகா என்ற புதிய காரைக் கொணர்ந்தது. அதில் இருந்தது ஐந்து படிகள் கொண்ட வழக்கமான தானியங்கிக் கியர். விரைவில் எக்ஸ்ட்ராய்டின் உற்பத்தியும் முடிந்தது.

செட்ரிக்கின் புதுமை வெளிவந்த அதே காலத்தில் ஜெர்மனியின் ஆவுடி நிறுவனம் வேறு வழியில் முயன்றது. வாருக்குப் பதில் எஃகுச் சங்கிலி. 300 நியூட்டன் மீட்டரை ஒட்டிய தாங்குதிறன். அந்த அமைப்பு கொண்ட டர்போ ஆவுடிகள் பின்னர் இந்தியாவிலும் விற்றன. 2014 வாக்கில் ஆவுடியும் அதைக் கைவிட்டது. ஆனால் சங்கிலி தோற்றுவிடவில்லை. 2012இல் சுபாரு தன் லெகசி காரில் 300 குதிரைச் சக்தியும் 400 நியூட்டன் மீட்டரும் கொண்ட டர்போ எஞ்சினைச் சங்கிலி வகைச் சாதனத்துடன் இணைத்தது. 1999இல் வட்டும் உருளையும் மட்டுமே சுமக்க முடிந்த பாரத்தை, எளிய சங்கிலி சுமக்கத் தொடங்கிவிட்டது. சாதாரணக் கார்களிலும் எஃகு வார் பரவியது. 2014இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த ஹோண்டா சிட்டியில் விரும்பியவர்கள் அதைப் பெறலாம். ஓட்டுபவர் மனம் நிறைய, திசைதிருப்பியின் பின்னே இரண்டு இறகுகளும் 7 போலிப் படிகளும் உண்டு.

இப்போது மின்சாரக் கார்கள் வருகின்றன. மின்மோட்டார் காளையைப் போன்றது. நின்ற நிலையிலேயே முழு வலிமையும் தரும். அதற்குப் படியும் வேண்டாம், சரிவும் வேண்டாம். பெரும்பாலான மின்கார்களில் மாறாத ஒரே பல்சக்கர இணை போதுமானதாக இருக்கிறது. 2023இல் கொரியாவின் ஹூண்டாய் நிறுவனம் அயோனிக் 5 என் என்ற மின்காரை வெளியிட்டது. அதிலுள்ள ஒரு பொத்தானை அழுத்தினால், ஒலிபெருக்கி வழியே எஞ்சின் ஓசை எழுகிறது. மோட்டாரின் விசையைக் கணத்திற்குக் கணம் குறைத்துக் கூட்டி, கியர் மாறும் குலுக்கலும் உண்டாக்கப்படுகிறது. படிகள் எட்டு.